குளிர்பெட்டிக்குள் போன டேலிலி

பல்லேபொலைச் சுற்றுவட்டாரத்தில் டேலிலிப் பூ வளர்க்கும் பைத்தியங்கள் இரண்டே பேர். தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற நான் ஒருவன். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தியாகராஜா மற்றவர். நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவர், இன்றைக்கும் சட்டைப் பையில் அளவுநாடா இல்லாமல் வெளியே இறங்கமாட்டார்.

டேலிலி காலையில் விரியும், பொழுதுபடச் சுருண்டுவிடும். ஒரு பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுள். ஆனால் ஒரு தண்டில் மொட்டுகள் வரிசையில் நிற்பதால் வாரக்கணக்கில் கொண்டாட்டம்தான்.

என்னிடம் மூன்று இனங்கள். செம்மஞ்சள் நிறத்தை எங்கே போட்டாலும் வரும். அம்மிக்குக் கீழே ஒரு கிழங்கை மறந்துபோய் விட்டேன், அது அம்மியைத் தலையில் தூக்கிக்கொண்டு முளைத்தது. மஞ்சள் இனம் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். அது பூத்த காலத்தில் எங்கள் வீட்டில் பகலில் கரண்ட் செலவே இல்லை. மூன்றாவது, மலைக்குளிர் ஊரான நுவரெலியாவில் பூக்கண்காட்சியில் வாங்கிய ரோஸ் நிறம். நடுவில் கருஞ்சிவப்பு வளையம், கூடவே தந்த படத்திலே பார்த்தால் சாப்பாட்டுக் கோப்பை அளவு. வாங்கிய அன்றே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன், இப்படியொரு பூவை மாத்தளை மாவட்டமே கண்டிருக்காது என்று.

கண்டிருக்கவில்லைதான். ஏனென்றால் அது பூக்கவே இல்லை. இரண்டு வருஷமாக இலை மட்டும் விட்டது, பிறகு அதையும் குறைத்துக்கொண்டது. கடைசியில் வெங்காயத்தாள் போல நாலே நாலு இலை. இன்னுமொரு வெயில் காலத்தைத் தாங்காது என்று எனக்கே தெரிந்தது.

தியாகராஜா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என்னை அவர் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார், எங்கள் ஆட்களில் அண்ணனுக்கு அப்படித்தான் சொல்வது.

“நானா, இது குளிர் கேக்கிற இனம். குளிரில இலையை உதிர்த்து நித்திரை கொண்டாத்தான் எழும்பிப் பூக்கும். எங்கட சூட்டில அதுக்கு எங்க நித்திரை வாறது? எல்கடுவையில லக்ஷிகாட குவார்ட்டஸ் முத்தத்தில கொண்டுபோய் வைப்பம்.”

லக்ஷிகா அவருடைய மகள். மலைமேலே எல்கடுவையில் தேயிலைத் தோட்ட வைத்தியசாலையில் வேலை, குடியிருக்க முற்றத்தோடு ஒரு குவார்ட்டஸ்.

“ஒங்கட மகள்ட முத்தத்துல பூத்தா அது ஒங்கட பூவாப் போயிரும் சேர். அந்த வெளயாட்டு நம்மகிட்ட வேணாம்.”

“இஞ்ச கிடந்து செத்தா ஆரின்ர பூவாம்?”

எனக்குக் கோபம் வந்தது. குளிர்தானே வேண்டும்? எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே ஒரு நுவரெலியா! அன்றைக்கே கிழங்கைக் கிளப்பி, மண்ணைத் தட்டி, கடதாசியில் சுற்றி, குளிர்பெட்டியில் மரக்கறித் தட்டின் அடியில் படுக்க வைத்தேன். ஆஸியாவுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. மனைவியிடம் எதையும் மறைக்காத உத்தமன் நான், மரக்கறித் தட்டைத் தவிர.

சில வாரம் போனது. ஒரு காலை, குசினிக்குள்ளிருந்து ஆஸியாவின் சந்தோஷக் குரல்.

“இஞ்ச பாருங்க, இந்த ஹாத்தாவாரியாவ எங்க வாங்கின நீங்க? விரல் விரலா என்ன கொழுப்பு! இண்டக்கிக் கஞ்சிக்குப் போடுறன்.”

ஹாத்தாவாரியாக் கிழங்கு எங்கள் பக்கத்தில் உடம்புச் சூட்டுக்குக் கஞ்சியில் போடுவது. கொத்தாக, விரல்களைப் போலத் தொங்கும். டேலிலி வேரும் அச்சொட்டாக அதே மாதிரி. நான் ஓடிய வேகத்தில் ஓட்டுக்கூரை இரண்டு அங்குலம் மேலே எழும்பி இறங்கியது. பலகையில் என் ரோஸ் டேலிலியின் வேர்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. நல்லவேளை, பானை இன்னும் அடுப்பில் ஏறவில்லை.

“தல எங்க? தல?”

“யார்ட தல?”

“கிழங்குட தல!”

“அத யாரு சமைக்கிற? குப்ப வாளிக்குள்ள போட்டுட்டன்.”

செடிக்கு உயிரே அந்தத் தலையில்தான் இருக்கிறது. வெங்காயத் தோலுக்கும் மீன் செதிலுக்கும் நடுவிலிருந்து எடுத்தேன். இரண்டு வேர் ஒட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் கடுகளவு பச்சை.

“சொல்லிருக்கலாமே,” என்றாள் ஆஸியா, குரல் இறங்கி. “பூவத்தானா வெட்டின நான்?”

என் ராஜ்ஜியம் ஒரு உள்ளங்கையில் கிடந்தது. அதைத் திரும்ப என் மண்ணிலேயே புதைத்தால் எனக்குப் பெருமை, அதற்கு மரணம். வேலிக்குப் போனேன்.

“சேர், எல்கடுவைக்கு எப்ப போறீங்க?”

தியாகராஜா கையில் இருந்ததைப் பார்த்தார். சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை. சாரத்தை மாற்றிக்கொண்டு வந்து, “இப்பவே,” என்றார்.

அங்கே அது பிழைத்தது. இலைவிட்டதையும் தண்டு எழும்பியதையும் லக்ஷிகா போனில் படம் பிடித்து அனுப்பினாள். பிறகு ஒரு காலை அவளிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

“மாமா, திறந்திட்டுது. கெதியா வாங்கோ, பின்னேரம் மூடியிடும்.”

நானும் ஆஸியாவும் தியாகராஜாவும் ஒரே ஆட்டோவில் ஏறினோம். எல்கடுவை ஏற்றத்தில் ஆயிரம் வளைவுகள். ஒவ்வொன்றிலும் தியாகராஜாவின் முழங்கை என் விலாவை அளந்தது.

தேயிலைச் சரிவு தொடங்கும் இடத்தில், ஈரமான முற்றத்தில் அது நின்றது. ரோஸ் நிறம், நடுவில் கருஞ்சிவப்பு வளையம். தியாகராஜா அளவுநாடாவை எடுத்தார்.

“அஞ்சரை அங்குலம்.”

“நாடாவ மழையில நனைய வெச்சு நீள விட்டிருக்கீங்க,” என்றேன். “எப்படியும் என்ட குளிர்பெட்டிட வேலதானே இது.”

“எல்கடுவைக் குளிரின்ர வேலை.”

“ரெண்டு பேரும் சும்மா இரிங்க. நான் வேர வெட்டினதாலதான் பூத்தது,” என்றாள் ஆஸியா.

லக்ஷிகா குந்தியிருந்து அடியைக் காட்டினாள். “பக்கத்தில ரெண்டு குருத்து வந்திருக்கு மாமா. ஒண்டைப் பிரிச்சுத் தரட்டோ? உங்கட செடிதானே.”

என் கை தானாக நீண்டது. ஊருக்குச் சொன்ன பேச்செல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. குருத்தைப் பார்த்தேன். சின்னது, தடித்தது, ஒரு குறையும் இல்லாதது.

“வேணாம் மகள்,” என்றேன். “நம்மட பக்கத்துச் சூட்டுல இதுக்கு ஜனாஸாதான், அடக்கித்தான் போடணும். இஞ்சயே இரிக்கட்டும்.”

பூவுக்கு முன்னால் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தோம். லக்ஷிகா இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பின்னேரமாக, தேயிலைக்கு மேலால் பனிமூட்டம் இறங்கி வந்தது. பூவின் ஓரம் மெல்ல உள்ளே மடங்கத் தொடங்கியது. அதற்குக் கீழே இன்னொரு மொட்டு பருத்து, நுனி வெளுத்து நின்றது.

“நாளைக்கு இது,” என்றாள் லக்ஷிகா.

தியாகராஜா தன் கதிரையைச் சற்று நகர்த்தி, நன்றாகத் தெரியும் பக்கத்தை எனக்கு விட்டார்.