புக்கிட் லாலாங் ஸ்டேசனில் கேட்ட பெயர்கள்

மலாயாவில் ஈப்போவுக்கு வடக்கே, செமோரைத் தாண்டியிருந்த புக்கிட் லாலாங், ஜப்பான்காரன் தன் ஆட்சியில் கட்டிவிட்டுப் போன சின்ன ஸ்டேசன். முப்பத்தைந்து வருடமாக மங்களம் அதற்குள் கால் வைத்ததில்லை. ஈப்போவுக்குப் போவதானாலும் இரண்டு கல் நடந்து பஸ்தான் ஏறுவாள்.

1978 நவம்பர் வெள்ளம் சாலைப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அந்த வாரமே மகள் நவமணியைப் பிரசவத்துக்கு பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்தது. மங்களத்துக்கு ரயிலை விட்டால் வேறு வழியில்லை.

நண்பகல். மேடையில் வேறு யாருமில்லை. புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஸ்டேசன் மாஸ்டர் பாஸ்கல் டிக்கெட்டை நீட்டினார்.

"வண்டிக்கு இன்னும் நேரம் இருக்குக்கா. உக்காருங்க லா."

அவள் உட்காரவில்லை. கண் மேடையோரத்துத் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை. 1943இல் அதன் பின்னால்தான் ஒளிந்திருந்தாள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ரப்பர் தோட்டத்து ஆண்களைப் பிடித்து கூட்ஸ் பெட்டியில் அடைத்தார்கள். உள்ளேயிருந்து அவள் கணவன் சின்னையா பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வெளியே வந்தால் அவளையும் ஏற்றிவிடுவார்கள். வயிற்றில் நான்கு மாதம். வாயைப் பொத்திக்கொண்டாள். போனவன் திரும்பவில்லை.

தண்டவாளம் அதிர்ந்தது. வடக்கே போகும் கூட்ஸ் வண்டி நிற்காமல் கடந்தது. பெட்டிக் கதவுகள் திறந்து கிடந்தன; உள்ளே ஒன்றுமில்லை. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, கொஞ்சமும் வயதாகாத குரல் வந்தது.

"மங்களம்!"

அவள் வண்டியோடு ஓடினாள். "இருக்கேங்க! இங்கதான் இருக்கேன்! பொம்பளப் புள்ள பொறந்துச்சு! நவமணின்னு பேரு வச்சேன்!"

கடைசிப் பெட்டியும் மறைந்தது. திரும்பினால் பாஸ்கல் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கும் கேட்டுச்சா?"

"வந்த நாள்லேர்ந்து கேக்குதுக்கா. வெளிய சொன்னா கீலா, பைத்தியம்னு சொல்லுவாங்கன்னு வாயத் தொறக்கல."

"எம் பேரா?"

"ஒங்க பேரு மட்டும் இல்ல. நெறைய ஆம்பளக் கொரலு. ஆளுக்கொரு பேரு. வீரம்மா, பவளாயி, அஞ்சலை..."

நவமணிக்கு ஆண் குழந்தை. மூன்றாம் நாள் திரும்பிய மங்களம் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அடுத்த லயத்து வீட்டு வரிசைக்குப் போனாள். அதே வண்டியில் புருஷனைப் பறிகொடுத்த வீரம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் பால் மரம் வெட்டியும் இருவரும் அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் ஸ்டேசனுக்கு வாரியா?"

"எதுக்கு?"

"அண்ணன் கூப்புடுறாரு."

வீரம்மா சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். "நான் அன்னிக்கு ஒளிஞ்சுக்கிட்டது அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மேடையில் ஒன்பது பெண்கள். பாஸ்கல் உள்ளேயிருந்த பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டார். வண்டி வளைவில் தெரிந்ததும் எல்லோரும் எழுந்துகொண்டார்கள். ஒவ்வொரு பேராக வந்தது. ஒவ்வொருத்தியாகப் பதில் சொன்னாள்.

ஏற்கெனவே பதில் சொல்லிவிட்ட மங்களத்தின் பேரை மட்டும் அன்று யாரும் கூப்பிடவில்லை.