தவில் வீட்டுக்குப் பக்கத்து மீன்கள்

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் கடல்மீன் வளர்க்கிற வீடு சிவகௌரியின் வீடு ஒன்றுதான். கறிக்கு வாங்குகிற மீன் இல்லை. தோடம்பழச் செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட, விரல் நீளக் கோமாளி மீன். கலியாணத்துக்கு முன்னர் அவள் நீர்கொழும்புப் பக்கத்தில் அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனியில் வேலை செய்தவள். தொட்டி கழுவுவதும் தீனி போடுவதும்தான் அங்கே அவளுடைய வேலை. முட்டை பொரிக்கிற அறைக்குள் அவளை விட்டதில்லை. கதவில் இருந்த சிறிய கண்ணாடியால் எட்டிப் பார்ப்பதோடு சரி. வேலையை விட்டு வரும்போது முதலாளி ஒரு சோடி மீனைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பையை மடியில் வைத்தபடியே யாழ்ப்பாணம் வரை பஸ்ஸில் வந்தாள்.

கணவன் கஜீபன் ஓட்டோ ஓடுகிறவன். சேந்தாங்குளம் கடற்கரைப் பக்கம் ஓட்டம் கிடைத்தால், திரும்பும்போது இரண்டு கான் நிறையக் கடல் தண்ணீர் அள்ளி வருவான். பின்சீட்டில் தண்ணீர் தளும்பி, ஓட்டோவில் எப்போதும் கடற்கரை மணம். "மீன் விக்கிறனீரோ?" என்று ஏறுகிறவர்கள் கேட்டால், "இல்லை, மீனுக்குத் தண்ணி விக்கிறன்" என்பான்.

சோடி வளர்ந்து, ஒருநாள் தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த உடைந்த பானை ஓட்டில் முட்டையிட்டது. தோடம்பழ நிறத்தில், சாமை அரிசி ஒட்டி வைத்ததுபோல் நெருக்கமாக முட்டைகள். ஆண்மீன்தான் காவல். விலகாமல் நின்று செட்டையால் விசிறிக்கொண்டிருந்தது. சிவகௌரி தொட்டியடியை விட்டு எழும்பவில்லை. மறுநாள் பின்னேரம் பார்த்தபோது ஓட்டில் ஒரு முட்டையும் இல்லை. அடுத்த முறையும் அப்படியே.

கொம்பனியில் கூட வேலை செய்த சுவர்ணாவுக்கு அழைத்துக் கேட்டாள்.

"தகப்பன் மீன் பயந்தா முட்டையைத் தின்னுமடி. புதுச் சோடிக்குப் பயம் கூட. அதுகளைக் குழப்பாமல் வைச்சிரு" என்றாள் சுவர்ணா.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அங்கால் தவில் தொடங்கியது. யன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. சிவகௌரி போனைக் காதில் வைத்தபடியே தொட்டியைப் பார்த்தாள். தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் ஓடின.

பக்கத்து வீடு மார்க்கண்டுவுடையது. கோயில்களுக்குத் தவில் வாசிக்கிறவர். மாரிகாலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இடது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டு அவிழ்த்துக் கொஞ்சக் காலம்தான். கழி பிடிக்கும் கை அது. திருவிழாக் காலத்துக்கு முன் கையைத் திருப்பி எடுக்கவேண்டும் என்று தினமும் பின்னேரத்தில் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

சிவகௌரி இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் போனாள். மார்க்கண்டுவும் மனைவி மகாதேவியும் முற்றத்தில் இருந்தார்கள். அவள் சொல்லத் தொடங்கியதும் மார்க்கண்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மீனுக்குக் காது இருக்கோ, தங்கச்சி?"

"காது எண்டில்லை அண்ணை. தண்ணி அதிருது. அதுதான் பயந்து தின்னுதோ எண்டு…"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. "முட்டை பொரிக்க எவ்வளவு நாள் எடுக்கும்?"

"ஒரு கிழமைக்குக் கிட்ட, அண்ணை."

"அது பெரிய காரியமில்லை. நீங்கள் போய் உங்கடை அலுவலைப் பாருங்கோ."

அன்று முதல் தவில் சத்தம் இல்லை. சிவகௌரிக்கு நிம்மதியாக இருந்தது. மூன்றாம் முறை முட்டையிட்டபோது அறைக்குக் கறுப்புத் துணி தொங்கவிட்டாள். கஜீபனைக் குதிக்காலால் நடக்க வேண்டாம் என்றாள். மணிக்கொருதரம் ரோச் லைட்டை எடுத்துக்கொண்டு போய், முட்டை இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்த்தாள். இருந்தது, இருந்தது, பிறகு இல்லை.

"இனிக் கிணத்து மோட்டரையும் நிப்பாட்டுவமோ?" என்று கஜீபன் கேட்டான். அவள் சிரிக்காததைக் கண்டு, "சரியப்பா, அழாதையும். அடுத்தமுறை பாப்பம்" என்றான்.

அடுத்த நாள் கிணற்றடியில் மகாதேவியைக் கண்டாள்.

"அண்ணையின்ரை கை இப்ப எப்பிடி, அக்கா?"

"என்னத்தைச் சொல்ல. தலைகணியிலை தட்டிக்கொண்டிருக்கிறார். தலைகணியிலை அடிச்சு என்ன பலன்? தோல்மாதிரி அது அடியைத் திருப்பித் தராது. பஞ்சுதான் வெளியிலை வருது." மகாதேவி கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சிவகௌரியை அதிகம் சுட்டது. முட்டை போய்விட்டது என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால், இன்னும் எதை நிறுத்தச் சொல்லப்போகிறாளோ என்று அவர்கள் நினைப்பார்கள் என்று பயந்தாள்.

கொஞ்ச நாளில் கொடிகாமத்தில் இருக்கும் தாய் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன். கூட நிற்க ஆள் வேண்டும். அவள் போவதற்கு முதல்நாள்தான் மீன்கள் மறுபடி முட்டையிட்டிருந்தன. அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. "காலமையிலை தீனி போடுங்கோ, குஞ்சுத் தீனி வளருற பச்சைப்பாசித் தண்ணிப் போத்திலுகளுக்குக் காத்து நிக்காமல் பாருங்கோ, அவ்வளவும் காணும்" என்று கஜீபனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அம்மாவின் கண்ணில் மருந்து விட்டு, சமைத்து, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து ஒரு கிழமை போனது.

திரும்பி வந்த பின்னேரம், ஒழுங்கைத் திருப்பத்திலேயே தவில் கேட்டது. தலைகணி இல்லை. முழுத் தவில். ஓங்கி, விரைந்து, நிற்காமல் விழுகிற அடி. கை திரும்பிவிட்டது என்று அந்த அடியே சொன்னது. சிவகௌரி அவருடைய கைக்காக மகிழ்ந்தாள்; முட்டை போயிருக்கும் என்றும் நினைத்தாள். பையை விறாந்தையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கறுப்புத் துணியை விலக்கினாள்.

முட்டைகள் அப்படியே இருந்தன. நிறம் மாறி, ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளிக் கண். அத்தனை கண்களும் மினுங்கின. ஆண்மீன் அவளைப் பொருட்படுத்தாமல் விசிறிக்கொண்டு நின்றது.

வாசலில் கஜீபன் வந்து நின்றான்.

"என்னப்பா செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"நான் ஒண்டும் செய்யேல்லை. நீர் சொன்னமாதிரித் தீனியைப் போட்டிட்டுக் கதவைச் சாத்திப்போடுவன். ஏன்?"

"முட்டையைப் பாக்கேல்லையோ?"

"அதைப் பாக்க எனக்குப் பயமாயிருந்தது. என்ரை கையிலை அழிஞ்சுபோச்சு எண்டு நீர் ஏசுவீர்."

"தவில்?"

"நீர் போன அண்டே மார்க்கண்டு அண்ணை கேட்டவர், தங்கச்சி வரும்வரைக்கும் அடிக்கட்டோ எண்டு. ஓம் எண்டிட்டன். ஒவ்வொரு நாளும் அடிதான்."

சிவகௌரி துணியைத் திரும்ப இழுத்து மூடினாள். மணிக்கொருதரம் ரோச் வெளிச்சத்தைத் தகப்பன் மீனின் முகத்தில் அடித்தது அவள். துணியை இழுத்து இழுத்துக் கலைத்தது அவள். சத்தமில்லாமல் பயப்படுத்தியதும் அவளேதான்.

தவில் நின்றது. அவள் வந்ததை மகாதேவி கண்டு சொல்லியிருக்கவேண்டும். மார்க்கண்டு வேலிப் பொட்டின் இடைவெளியில் தலையை நீட்டினார். தவில் அடிக்க விரல்களில் மாட்டிய கூடுகளை இன்னும் கழற்றவில்லை.

"தங்கச்சி, நீங்கள் வாறது தெரியாமல் அடிச்சுப்போட்டன். முட்டை போச்சுதோ?"

சிவகௌரி வேலியடிக்கு ஓடினாள். "அண்ணை, ஒண்டும் போகேல்லை. எல்லாம் கிடக்குது. பிழை தவிலிலை இல்லை, என்னிலைதான். சும்மா உங்களை நிப்பாட்டிப்போட்டன்."

"அப்ப அந்தத் தலைகணியை வீணாக் கிழிச்சுப்போட்டன்" என்றார் மார்க்கண்டு. பின்னால் மகாதேவி வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்றைக்கே பொரிக்கும் போலிருந்தது. இருட்டினால்தான் பொரிக்கும் என்று சிவகௌரி சொன்னாள். நால்வரும் விளக்கை அணைத்துவிட்டு அறைக்குள் இருந்தார்கள். முட்டை ஒட்டியிருந்த பானை ஓட்டைச் சின்னத் தொட்டிக்கு மாற்றி, பக்கத்தில் காற்றுக்குமிழி விட்டிருந்தாள். குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. பார்க்கவேண்டும் என்று கை துடித்தது. அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, தொட்டி மூலையில் சிறு வெளிச்சம் காட்டினாள். ஒன்றுமில்லைப் போலிருந்தது. பிறகு தூசி போல, நூல் வெட்டுப் போல, வெளிச்சத்தை நோக்கி அசைந்து வந்தன. நூற்றுக்கணக்கில்.

"உது எல்லாம் மீனோ?" என்று மகாதேவி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அந்தக் குஞ்சுகளின் வாய்க்கு அளவான தீனி ரொட்டிபர் என்கிற, கண்ணுக்குப் பிடிபடாத உயிர். அதைப் பச்சைத் தண்ணீர்ப் போத்தல்களில்தான் வளர்த்து வைத்திருந்தாள். அவள் இல்லாத கிழமையில் பாதிப் போத்தல்கள் வெளிறிச் செத்துப்போயிருந்தன. மிச்சத்தைப் பங்கிட்டுப் போட்டும் போதவில்லை. விடிய விடியத் தொட்டியின் அடியில் வெண்மையாகக் குஞ்சுகள் படிந்து கிடந்தன. மெல்லிய குழாயால் அவற்றை உறிஞ்சி எடுக்கும்போது, கொம்பனியில் பொரிக்கும் அறைக்குள் கைபழகாதவர்களை ஏன் விடவில்லை என்று விளங்கியது. ஒருமுறை எல்லாவற்றையும் கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிடலாமா என்றும் நினைத்தாள். கஜீபன் ஓட்டத்தை விட்டுவிட்டு, சுவர்ணா பஸ்ஸில் அனுப்பிய புதுத் தீனியை எடுக்க யாழ்ப்பாணம் போய் நின்றான். அது உயிரோடு வந்து சேர்ந்தது. மிஞ்சிய குஞ்சுகள் தின்றன.

மார்க்கண்டு திருவிழாவுக்குப் புறப்பட்ட காலை. அவர் வாசலில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிற்கும்போது சிவகௌரி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். அவசரம் என்று நினைத்து மகாதேவியும் ஓடி வந்தாள்.

தொட்டியில் கறுத்துக் கிடந்த சின்னஞ்சிறு குஞ்சுகளில் ஒன்று தோடம்பழ நிறத்துக்கு வந்திருந்தது. அதன் தலைக்குப் பின்னால், மயிர் நுனியால் கீறியதுபோல ஒரு வெள்ளைக் கோடு.

"நேற்று இல்லை, அண்ணை. இண்டைக்குத்தான்" என்றாள் சிவகௌரி.

மார்க்கண்டு குனிந்து பார்த்தார். கோயிலுக்கு ஏற்றிப்போகும் வான் ஒழுங்கையில் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அவர் நிமிரவில்லை. "வான்காரனைப் பொறுக்கச் சொல்லு" என்றார் மகாதேவியிடம். "மற்றதுகளுக்கும் வந்திருக்கோ எண்டு பாத்திட்டு வாறன்."