ரதி கல்யாணத்தில் ஊதிய சங்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதிக்கும் ஆண்தான் வேடம் கட்டுவார். இந்த வருஷம் கோயில் கமிட்டிக்கு என்ன தோன்றியதோ, பெண்களே அதை நாட்டியமாக மேடையில் ஆடலாம் என்றார்கள். காமன் பிரேமினி, ரதி நான். கேள்விப்பட்டதும் என் மாமியார் பூரணி அத்தை ஆடித் தீர்த்துவிட்டார்.

"கட்டின தாலிய வச்சுக்கிட்டு தாலியறுத்த வேசம் போடுவியா? எம்மகன் உசிரோட இருக்கான்டி!"

சிவன் காமனை எரித்ததும் ரதி தாலியறுத்து அழ வேண்டும். அத்தைக்கு அதுதான் பயம்.

"ஆம்பளைங்க ரதியா அழுதாங்களே, அவங்க வீட்டுல என்ன ஆகிப்போச்சு?" என்று நானும் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் மேடையே ஏறியதில்லை. இந்த வாய்ப்பும் போனால் அப்புறம் பிள்ளைகுட்டி என்று காலம் ஓடிவிடும். எனக்கு ஆடியே ஆக வேண்டும்.

இசை என் வீட்டுக்காரர் கிஷாந்த். எல்லாம் லெப்டொப்பில்தான். கல்யாண மெட்டுக்கு நாயனச் சத்தம் வைத்தார். காமன் எரிகிற இடத்தில், அதே இசைத் தடத்தின் நடுவே, இனிமேல் சங்குச் சத்தம் என்று ஒரு கட்டளை போட்டார். மேடையில் எங்களுக்குக் கொடுத்த நேரம் கொஞ்சம். அதனால் காமன் உயிரோடு எழும் கடைசிக் கட்டத்தை வெட்டிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் மண்டபத்தில் ஒத்திகை. அழுகை வரை ஆடி முடித்ததும், "முதல்ல இருந்து ஒருக்கா போடுங்க" என்றேன். அந்த நேரம் பார்த்தா அத்தை எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வர வேண்டும்! பிரேமினி தாலியோடு கை தூக்கினாள். கல்யாண மெட்டு முழுக்கச் சங்கில் ஊதியது. சாவு வீட்டில்கூட அப்படி ஊத மாட்டார்கள்.

அத்தை கேத்தலைக் கீழே வைத்துவிட்டு மேடைக்கே வந்துவிட்டார். "கல்யாணத்துலயே சங்கா? கழட்டு வேசத்த!"

"சொப்ட்வெயார்ல ஏதோ கோளாறும்மா" என்று முனகினார் இவர்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என்னன்னு பாருங்க!"

பார்த்தார். தலையைச் சொறிந்தார். "நடுவுல சங்குக்கு மாறுன்னேன், மாறிச்சு. திரும்ப நாயனத்துக்கு மாறுன்னு நான் எங்கயும் சொல்லல. அதான் முதல்ல இருந்து போட்டாலும் சங்குலயே நிக்குது."

"அப்ப கடைசில சொல்லித் தொலையேன்டா!" அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "காமன எரிச்சுட்டு அப்புடியே விட்டுட்டுப் போறதா? அவன் எந்திரிச்சு வரணும், மேளம் கேக்கணும். அப்புடின்னா இவ ஆடட்டும்."

இத்தனை நாள் சண்டையில் அவர் என்ன கேட்கிறார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்றே கல்யாண ஊர்வலத்தைக் குறைத்து, உயிர்த்தெழுதலைச் சேர்த்தோம். அந்த இடத்தில் இவர் நாயனத்துக்கு ஒரு கட்டளை போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று தொடக்கத்திலும் ஒன்று.

திருவிழா அன்று சனம் நெருக்கியடித்தது. நான் நிஜமாகவே அழுதேன். முன் வரிசையில் அத்தை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே இருந்தார். பிரேமினி எழுந்தாள். சங்கு நின்றது, நாயனம் பிளந்துகொண்டு வந்தது. கூட்டம் கத்திய கத்தலில் எனக்குப் புல்லரித்துவிட்டது.

அத்தை முந்தானையை அவிழ்த்தார். உள்ளே மஞ்சள் அரிசி. எழுந்து நின்று இரண்டு கையாலும் வீசினார். மேடைக்கு இல்லை, ரதிக்கும் இல்லை. மூலையில் லெப்டொப்போடு குந்தியிருந்த தன் மகன் தலையில்.