தொழு நின்ற இடம்

ஆவாரங்குடிப் பொட்டலைப் பற்றி நாகநாதனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஊரே நம்பியது. அவனும் நம்பினான். பின்னே? மாசி மஞ்சுவிரட்டில் அங்கே வருஷாவருஷம் மாடு பிடித்தவன். அக்காள் அன்னக்கிளியைக் கட்டிக்கொடுத்ததும் அந்த ஊரில்தான். அவள் புருஷன் கோட்டைச்சாமியின் செவலைக் காளை குத்திய தழும்பு தொடையில் இருந்தது. யாராவது கேட்டால் போதும், ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல் வேட்டியை ஏற்றிக் காட்டிவிடுவான்.

அதற்காகத்தான் தேனம்மை ஆச்சி தன் ஆலைக்கு ஓவர்சியராக அவனைப் பிடித்தார். பொட்டலுக்கு மேற்கே ஆச்சி நூலுக்குச் சாயம் போடும் ஆலை கட்டிக்கொண்டிருந்தார். அது எழுபத்து நாலாம் வருஷம். வேறெங்கோ சாயக் கழிவு கலந்து ஓர் ஓடை சிவப்பாக ஓடியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

"சாயத்தண்ணி எங்குட்டுப் போகும், யாருக்கு என்ன கெடுதல் வரும், அதுக்கு என்ன தடுப்பு, எல்லாத்தையும் எழுதிப் படம் போட்டுக் கொண்டாங்க. அதுக்கப்பறந்தான் தொட்டியில சாயம் எறங்கும்" என்று சொல்லிவிட்டார்.

நாகநாதன் பங்குனியில் இறங்கினான். பொட்டல் உள்ளங்கை மாதிரி கிடந்தது. வடக்கே மேட்டுக் காடு, கிழக்கே ஊர் குடிக்கிற ஊருணி. அந்த ஊருணிக் கரையில் செருப்போடு ஒருத்தரும் ஏறமாட்டார். தெற்கு ஓரம் களிமண், தண்ணீர் கீழே இறங்காது. சாயத்தண்ணீர் தேங்கித் தெளியக் குழிகள் வெட்ட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. முதலில் அங்கேதான் படம் போட்டான்.

அங்கேதான் தொழுவும் இருந்தது. மஞ்சுவிரட்டு மாடுகளை அடைத்துவைத்து அவிழ்த்துவிடுகிற கம்படைப்பு.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஆம்பளைகள் எல்லாரும் வந்தார்கள். கோட்டைச்சாமி எழுந்து ஒரே ஒரு விஷயம் கேட்டார். "மாப்ள, ஆலை வரட்டும். எங்க பிள்ளைகளுக்கும் வேலை கெடைக்கும். ஆனா மாடு ஓடுற பக்கத்த மட்டும் விட்டுரு."

கரும்பு தின்னக் கூலியா? நாகநாதனுக்கும் அதுதான் ஆசை. அன்றைக்கே குழிகளை வடக்கு ஓரத்துக்கு மாற்றினான். மழைத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று அங்கே ஒருவர் வாயிலும் வரவில்லை. வாயைத் திறந்த எல்லாரும் மாட்டைப் பற்றியே பேசினார்கள்.

ஆவணியில் குழி வேலை தொடங்கியது. ஒரு காலையில் ஊர்ப் பெண்கள் மண்வெட்டியோடு பொட்டலுக்கு வந்தார்கள். மேட்டுக் காட்டின் அடியிலிருந்து நேர்கோடாக வெட்டிக்கொண்டே வந்து, பாதி தோண்டிய குழிக்கு முன்னால் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவள் அன்னக்கிளி.

"என்னக்கா வெட்டுறீக?"

"என்னத்த வெட்டுவாக? ஊருணிக்கு மழத்தண்ணி வர்ற வரத்துக்கால்டா. நீ என்னடா குறுக்க பள்ளத்தப் பறிச்சு வச்சிருக்க?"

நாகநாதனுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. மாசியில் மாட்டுக் கால் இடறக் கூடாது என்று தையில் ஆம்பளைகள் அந்த வாய்க்காலைத் தூர்த்துவிடுவார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால், ஆவணியில், பெண்கள் திரும்ப வெட்டுவார்கள். அவன் வந்ததெல்லாம் மஞ்சுவிரட்டுக்கு, அளந்தது பங்குனியில். அந்த வாய்க்காலை ஒரு தடவைகூட அவன் பார்த்ததில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா?"

"எங்களக் கூட்டத்துக்குக் கூப்பிட்டீகளா? ஊரறிஞ்ச வாய்க்காலு, ஒனக்குத் தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றவள் குழியை எட்டிப் பார்த்தாள். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "மழைக்கு இது நெறைஞ்சா சாயம் ஊருணிக்குல்லடா வரும். பிள்ளைக குடிக்கிற தண்ணிடா தம்பி."

அவனுக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு நேரே ஆச்சியிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னான்.

ஆச்சிக்குக் கோபம் வந்தது. "தோண்டின குழிய மூடச் சொல்றீக. மூடுங்க. வேற எடம் இருக்கா?"

"தெக்குப் பக்கம் இருக்கு ஆச்சி. ஆனா அங்க தொழு இருக்கு."

"அப்ப ஊர்ல கேளுங்க. அவுகளா மனசு வச்சுக் குடுத்தா ஆலை. இல்லாட்டி நான் திருப்பத்தூர்ப் பக்கம் எடம் பாத்துக்கிறேன். ஊருணிய நாசம் பண்ணி எனக்கு ஒரு பிழைப்பு வேணாம்."

ஆலை போனால் ஊர்ப் பிள்ளைகளின் வேலை போகும். இருந்தால் மஞ்சுவிரட்டு போகும். இதை மச்சானிடம் எந்த வாயால் சொல்வது? ஆவாரங்குடிக்குப் போகிற வழியெல்லாம் நாகநாதன் வார்த்தைகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தான். மச்சான் முன்னால் நின்றதும் அத்தனையும் மறந்துபோய், உள்ளதை அப்படியே கொட்டினான்.

கோட்டைச்சாமி செவலைக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். கை தொட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"எங்க தாத்தன் ஊண்டின தொழுடா" என்றார்.

"தெரியும் மச்சான்."

"நாந்தான அந்தப் பக்கத்த விடச் சொன்னேன்?"

"நானுந்தான் மாத்துனேன்."

அன்னக்கிளி ஊருணியிலிருந்து கொண்டுவந்த குடத்தை இடுப்பைவிட்டு இறக்காமல் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கையைக் கழுவித் துண்டில் துடைத்தார். குடத்திலிருந்து ஒரு செம்பு மோந்து குடித்தார். பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஆலை ஆட்களை அடிக்கத்தான் போகிறாரோ என்று நாகநாதன் பின்னாலேயே ஓடினான். கோட்டைச்சாமி போனது பொட்டலின் தென்கோடிக்கு. தொழுவில், வழக்கமாகச் செவலையைக் கட்டுகிற கம்பின் அடியில் கடப்பாரையைப் போட்டு நெம்பினார். வைரம் பாய்ந்த கட்டை. அசைவேனா என்றது. நெம்பி நெம்பி அவருக்கு மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் ஊறியது.

நாகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து கம்பைக் கட்டிப் பிடித்தான். ஏறிய வேட்டிக்குக் கீழே தழும்பு தெரிந்தது. கோட்டைச்சாமி அதை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"என்னடா சும்மா புடிச்சுக்கிட்டு நிக்கிற? இழு" என்றார்.

இரண்டு பேருமாகப் பிடுங்கிப் போட்டார்கள்.