முப்பத்தேழாம் நம்பர் கால்

ஷூ கடித்தால் தப்பு ஷூவின் மேல்தான், காலின் மேல் ஒருநாளும் இல்லை. ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் சௌந்தர்யா கற்றுக்கொண்டது அதுதான். தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவளை, புது மாடல் வந்தால் சாம்பிள் ரூமுக்குக் கூப்பிடுவார்கள். அவள் கால் அச்சு அசலாக முப்பத்தேழாம் நம்பர். மாட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். "எங்கம்மா கடிக்குது?" என்பார் சூப்பர்வைசர் ஹயாத் பாஷா. அவள் விரல் வைத்த இடத்தைச் சீவித் திருத்துவார்கள். அப்புறம் கடிக்காது.

அதனால்தான் இடது குதிகால் நரம்பு வலிக்க ஆரம்பித்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்தது, ஓடுகிற ஷூவின் மேல்.

ஓட்டம் ஒன்றுதான் அவளுக்கு அந்த மிஷினை விட்டு வெளியே போகிற வழி. எண்ணூறு மீட்டரில் மாவட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வேலூரில் தேர்வு ஓட்டம் வைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் என்றால் வயது தாண்டிவிடும். இந்த நேரம் பார்த்தா இந்தப் பாழாய்ப்போன வலி வரவேண்டும்?

பிசியோதெரபி பார்க்கும் பெண் அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே நார் நாராகப் பிரிந்திருக்கிறது, மூன்று மாதம் ஓடவே கூடாது, மெல்ல மெல்லத்தான் பலமேற்ற வேண்டும் என்றாள். வலி ஜாஸ்தியா கம்மியா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே என்றும் சொன்னாள். சௌந்தர்யா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். காதில் எங்கே போட்டுக்கொண்டாள்? மூன்று மாதத்தில் தேர்வே முடிந்திருக்கும்.

பக்கத்து மிஷின் முபஷ்ஷிராவும் அவளுமாகச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, ஷூவில் குதிகாலுக்கு அடியில் கெட்டித் தக்கை வைத்து உயர்த்தினார்கள். பின்பக்கத்தைப் பிரித்து, மெத்தென்று பஞ்சு கொடுத்துத் தைத்தார்கள். ஆசை ஆசையாகச் செய்த வேலை, ஒரு தையல் பிசகவில்லை. ஓடிப் பார்த்தாள். வலி பாதியானது. இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள். போயே போய்விட்டது.

"எங்கம்மா கடிக்குது?" என்று ஹயாத் பாஷா குரலில் கேட்டாள் முபஷ்ஷிரா.

"எங்கயும் இல்லடி."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து சௌந்தர்யா விடிந்தால் மைதானம் என்று ஓடித் தள்ளினாள்.

தேர்வில் முதல் சுற்று முடிந்தபோது அவள்தான் முன்னால். கடைசி வளைவில் யாரோ பின்னாலிருந்து குதிகாலில் எட்டி உதைத்தார்கள். எவ அவ என்று திரும்பினாள். பின்னால் பத்தடிக்குள் யாருமே இல்லை. அடுத்த அடி வைத்தபோது பாதம் மண்ணை அழுத்தவில்லை. விழுந்தாள். மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

ஓடிவந்து தூக்கிய முபஷ்ஷிராவிடம், "அவ்ளோ வலி இல்லடி, ஓடிடுவேன்" என்றாள். பாவி மகள், வலி இல்லாததையும் நல்ல சேதி என்றே நம்பினாள். டாக்டர் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச்சதையைப் பிசைந்தார். பாதம் அசையவில்லை. நரம்பு முழுசாக அறுந்துவிட்டது, அறுந்தபின் இழுத்து வலிக்க அங்கே என்ன இருக்கிறது என்றார். ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், பழைய வேகம் வராது என்றார்கள். வேலை வேறொருத்திக்குப் போனது.

மழைக்காலத்தில் மறுபடியும் மிஷினுக்கு வந்தாள். அவள் மனசு ஆறட்டும் என்று ஹயாத் பாஷாவே சாம்பிள் ரூமுக்குக் கூப்பிட்டார். வெள்ளை உள்துணி வைத்த புது மாடல். லேசாகச் சாய்ந்து சாய்ந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை நடந்தாள்.

"எங்கம்மா கடிக்குது?"

கண்ணை மூடிக் கவனித்தாள். தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருப்பதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"எங்கயும் கடிக்கல, பாய்."

அவர் முகம் மலர்ந்தது. முபஷ்ஷிரா குனிந்து ஷூவைக் கழற்றினாள். உள்துணியில், குதிகால் படும் இடத்தில், ரத்தம் ஊறியிருந்தது.

"வலிக்கலையாடி?"

சௌந்தர்யா இல்லையென்று தலையாட்டினாள். ஆட்டும்போதே கண் நிறைந்து வழிந்தது.

ஹயாத் பாஷா ஷூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமலே, லைனில் வேறு யாருக்கு முப்பத்தேழாம் நம்பர் கால் என்று முபஷ்ஷிராவிடம் கேட்டார்.