அக்கா ஹெட்லைட்டை எரியவைத்த கதை

1

இது என் கற்பனையில் பிறந்த கதையல்ல. அக்கா தொலைபேசியில் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "இதையெல்லாம் எழுதித் தொலைக்காதே" என்றாள். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பனிமூட்டம் ஒரு வெள்ளைப் போர்வையைப் போல நகரத்தை—

வேண்டாம். விடிந்தும் விடியாத நேரம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அது போதும்.

2

அத்தானுக்கு ஏழு மணிக்கு டயாலிசிஸ். ஒருமுறை தவறிப்போய்க் கால் வீங்கி, மூச்சு வாங்கிப் பட்ட பாடு இருவருக்கும் மறக்கவில்லை. கார் ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஹெட்லைட் இரண்டும் எரியவில்லை. வாடகைக் கார்க்காரர்கள் இந்தப் பனியில் வரமுடியாது என்றார்கள். மெக்கானிக், "பல்பு போயிருக்கும்க்கா, பத்து மணிக்கு வர்றேன்" என்றான்.

[அவனைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். பாவம், தூக்கக் கலக்கத்தில் இருந்தவன்.]

3

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதெது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவதுதான் அவள் பிழைப்பு.

"ரெண்டு பல்பும் ஒரே நேரத்துலயா போகும்? ரெண்டுக்கும் பொதுவான எதுவோதான் போயிருக்கு."

நடுங்கும் கையால் ஃபியூஸைப் பிடுங்கி— (இந்த வரியை வாசித்துக் காட்டியபோது அவள் குறுக்கிட்டாள்: "எங்க நடுங்குச்சு? எழுதறதுன்னா ஒழுங்கா எழுது.")

நடுங்காத கையால் ஃபியூஸைப் பிடுங்கி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். கம்பி அறுபடவில்லை. அடுத்தது ரிலே, சுவிட்சைப் போட்டதும் விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்னக் கறுப்புப் பெட்டி. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அத்தானைச் சுவிட்சைப் போடச் சொன்னாள். 'டிக்' என்ற துடிப்பு இல்லை.

"பக்கத்துல இதே மாதிரி இன்னொண்ணு இருக்கே, அது எதுக்கு?"

அத்தான் கையேட்டைப் புரட்டினார். "ஹாரனுக்கு. ரெண்டுலயும் ஒரே நம்பர்தான்."

"அப்ப ஹாரன் கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்கட்டும்."

வண்டியை அணைத்துவிட்டு மாற்றிச் சொருகினாள். மறுபடி சுவிட்சைப் போட்டதும் எதிர்ச்சுவர் முழுக்க வெளிச்சம். (உவமை தேடி அரைநாள் போனது. சுவரில் உரிந்திருந்த சுண்ணாம்புகூடத் தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

4

ஹாரன் இல்லாத கார். அக்கா ஊர்ந்துதான் ஓட்டினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அத்தான் கண்ணாடியை இறக்கி, "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுத்தார். நோய் வந்த நாளிலிருந்து தண்ணீர் கேட்கக்கூடத் தயங்கிய மனிதர். அந்தக் குரலைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது என்றாள் அக்கா. ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்கள்.

5

இரண்டு முடிவுகள் எழுதி அடித்துவிட்டேன். ஒன்றில் அத்தானுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கிறது, மற்றதில் கிடைக்கவில்லை. எதை வைத்தாலும் அந்தக் காலை சிறுத்துப்போகிறது. வேண்டுமானால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நான் அந்த வார்டோடு நின்றுகொள்கிறேன்.

கையில் ஊசி ஏறியிருக்க, அத்தான் நர்ஸிடம் சொல்லியாகிவிட்டது, டாக்டரிடமும் சொல்லியாகிவிட்டது. இப்போது பக்கத்துக் கட்டில்காரரிடம்: "நேரா ரிலேவுல கைய வச்சா பாருங்க—"

நாற்காலியில் பத்திரிகை படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த அக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"நேரா இல்லைங்க. முதல்ல ஃபியூஸைப் பார்த்தேன். அதை விட்டுட்டீங்க."