பத்து மாடி ஏறிய ஆதிமனிதர்கள்

தம்பி என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், "ஏதோ வியாபாரம்" என்று சொல்லிவிட்டு அக்கா பேச்சை மாற்றிவிடுவாள். முழுதாகச் சொல்ல அவளுக்கு நாக்கு கூசும். அவள் அருங்காட்சியகத்தின் பின்னறையில், ஆதிமனிதர்களின் எலும்புகளோடும் கல்லாயுதங்களோடும் பாதி ஆயுளைக் கழித்தவள். தம்பியோ ஒரு கல்லையும் உருப்படியாகப் பார்த்தவனில்லை. ஆனால் 'ஆதிமனிதன் வெற்றிப் பயிற்சி' என்று பலகை மாட்டி, கம்பெனி கம்பெனியாகப் போய் ஆட்களை வெறுங்காலோடு ஓடவிட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் அவனுக்குக் 'குகை மாஸ்டர்' என்று பெயர்.

"கூடப்பிறந்தவன் முன்னுக்கு வந்தா உனக்கு ஏன் எரியுது? ஒரு தடவை போய்த்தான் பாரேன்" என்று அம்மா நச்சரித்ததால், ஒருநாள் காலை அவன் பயிற்சி நடத்தவிருந்த ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

பத்து மாடிக் கட்டடம். லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். காலுறைகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஊழியர்கள் படிக்கட்டருகே நின்றார்கள். தம்பி புலித்தோல் அச்சடித்த பனியன் போட்டிருந்தான். அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஆதிமனுஷன் கண்டம் விட்டுக் கண்டம் நடந்தான்! நீங்க பத்து மாடி ஏற மாட்டீங்களா? விழுந்தவனுக்காகக் கூட்டம் நிக்காது. நின்ன கூட்டமெல்லாம் அழிஞ்சு போச்சு!" என்று தம்பி முழங்கினான்.

"எந்தக் குழியில தோண்டி எடுத்தேடா இதை?" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"மானத்தை வாங்காதேக்கா" என்று கிசுகிசுத்துவிட்டு அவன் விசிலை ஊதினான்.

முதல் ஆளாக அவனே ஓடினான். நாலாவது மாடியில் அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தார்கள். வழுக்கி விழுந்ததில் கணுக்கால் மடங்கியது. "ஐயோ, பிடிங்களேன்!" என்று அலறினான். பின்னால் வந்தவர்கள் அவனைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள். கணக்குப் பிரிவுக்காரர் மட்டும் தாண்டும்போது மரியாதையாக, "சாரி சார்" என்றார்.

மூச்சு வாங்க ஏறி வந்த அக்காதான் அவனைத் தோளில் சாய்த்துக் கீழே இறக்கினாள்.

"ஒருத்தன்கூட நிக்கலையேக்கா" என்று டாக்ஸியில் அழுதான்.

"நீ சொன்னதைத்தானே செஞ்சாங்க? போன வருஷம் நாங்க எடுத்த ஆதிமனுஷக் கிழவன் தாடையில ஒரு பல்லு கிடையாது, பல்லுக் குழியெல்லாம் எலும்பு மூடியிருக்கு. பல்லெல்லாம் போனப்புறமும் பல வருஷம் உயிரோட இருந்திருக்கான். யாரோ மென்னு ஊட்டியிருக்காங்க. கல்லைத் தூக்கிட்டு அலைஞ்சவங்களுக்கு இருந்த புத்தி, லிஃப்ட் வச்சிருக்கிற உங்களுக்கு இல்லை."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்சம் உறைத்துவிட்டதோ என்று அக்காகூட நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு முடிக்கும்போது அவன் போன் அடித்தது. காப்பீட்டு மேனேஜர்.

"சார், பிரமாதம்! விழுந்த மாதிரி நடிச்சு எங்க ஆளுங்களைச் சோதிச்சீங்களாமே! ஒருத்தர்கூட நிக்கலை. எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு. மத்த கிளைகளுக்கும் நீங்கதான் வரணும்."

தம்பி அக்காவைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா சார். அதுதான் கடைசி டெஸ்ட்" என்றான்.

காலில் கட்டின் ஈரம் இன்னும் காயவில்லை. அக்கா அவனை வீட்டுக்குக் கொண்டுபோகச் சக்கர நாற்காலி கேட்டு வரப் போனாள்.